நொடிக்கு 130 துடிப்பு

நெதர்லாந்தின் நைமெகன் நகரத்து மருத்துவமனைக்கு 58 வயதுக்காரர் ஒருவர் வந்தார். பத்து ஆண்டுகளாக அவருக்குப் பார்க்கின்சன் நோய். நடக்கச் சொன்னால் இரண்டு மூன்று எட்டு எடுத்து வைப்பார்; பிறகு பாதம் தரையோடு ஒட்டிக்கொள்ளும், உடல் மட்டும் முன்னே சாயும். ஆள் பிடித்துக்கொள்ளாவிட்டால் விழுந்துவிடுவார். அவர் தனக்குச் சைக்கிள் ஓட்டுவதில் மட்டும் சிரமமே இல்லை என்றார். நரம்பியல் மருத்துவர் பாஸ்டியான் ப்ளூமுக்கு அது நம்பும்படியாக இல்லை. சோதித்துப் பார்க்க ஒரு சைக்கிளைக் கொடுத்து ஏற்றிவிட்டார்கள். அந்த மனிதர் ஒழுங்காக மிதித்தார், நேராகப் போனார், வளைத்துத் திரும்பி வந்தார். இறங்கியவுடன் கால் மறுபடி உறைந்துபோனது. 2010-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழ் இதைக் காணொளியோடு வெளியிட்டது.

இந்த நோயைப் பற்றி நாம் முதலில் மனத்தில் வாங்க வேண்டிய செய்தி இதில் இருக்கிறது. அவருடைய தசைகள் நலமாக இருந்தன. தண்டுவடம் நலமாக இருந்தது. கால்களை மாற்றி மாற்றி இயக்கும் அறிவும் மூளையில் அப்படியே இருந்தது. அசைவு அழியவில்லை, அது வெளியே வரும் வழியை ஏதோ ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. தரையில் சுண்ணக்கட்டியால் குறுக்குக் கோடுகள் போட்டால், உறைந்து நிற்கும் நோயாளி அவற்றைத் தாண்டித் தாண்டி நடப்பதைப் பல மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். சமதளத்தில் நகர முடியாதவர் படிக்கட்டில் ஏறிவிடுவதும் உண்டு. மூளைக்குள் மின்முனையைச் செருகி நோயை அடக்கும் சிகிச்சை எப்படிச் சாத்தியமாகிறது என்று கேட்பவர்களுக்கு இதையே நான் முதலில் சொல்வேன். மின்சாரம் இழந்த ஆற்றலைக் கொண்டுவந்து கொட்டுவதில்லை. இருக்கும் ஆற்றலுக்கு முன்னால் நிற்கும் தடையை அது கலைக்கிறது.

அந்தத் தடை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க மருத்துவத்துக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. லண்டனின் ஹாக்ஸ்டன் பகுதியில் மருத்துவம் பார்த்த ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் ‘நடுக்குவாதம்’ பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். ஆறு பேரைப் பற்றிய குறிப்பு அது. அவர்களில் சிலர் அவர் தெருவில் பார்த்தவர்கள். ஓய்வாக இருக்கும்போது நடுங்கும் கை, முன்னோக்கிக் குனிந்த உடல், நடக்கத் தொடங்கினால் ஓட்டமாக மாறும் நடை என அவர் எழுதிவைத்தவை இன்றும் பாடப்புத்தகத்தில் நிற்கின்றன. காரணம் மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை.

காரணத்துக்கான முதல் நூல்நுனி நம் நாட்டுச் செடி ஒன்றிலிருந்து வந்தது. சர்ப்பகந்தி வேரிலிருந்து 1952-ல் பிரிக்கப்பட்ட ரிசர்பின், அந்நாளில் இரத்த அழுத்தத்துக்கும் மனநோய்க்கும் கொடுக்கப்பட்டது. சுவீடனின் ஆர்விட் கார்ல்சன் 1950-களின் பிற்பகுதியில் அதை முயல்களுக்குக் கொடுத்தார். முயல்கள் காதைத் தொங்கவிட்டு அசையாமல் கிடந்தன. லெவோடோபா என்ற பொருளை ஊசியாகப் போட்டதும் எழுந்து ஓடின. மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் வற்றினால் அசைவு நின்றுபோகிறது, லெவோடோபா அதை மறுபடி நிரப்புகிறது என்பது இதிலிருந்து தெளிந்தது. வியன்னாவில் ஓலே ஹோர்னிகீவிச் 1960-ல், இறந்த பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் டோபமைன் மிகவும் குறைந்திருப்பதைக் காட்டினார். 1967-ல் ஜார்ஜ் கோட்சியாஸ் லெவோடோபாவை அதிக அளவில், மெல்ல மெல்லக் கூட்டிக் கொடுத்து நோயாளிகளை நடக்க வைத்தார். கார்ல்சனுக்கு 2000-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வரலாற்றில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு, அதை நாம் அதிகம் பேசுவதில்லை. பூனைக்காலி விதையில் லெவோடோபா இருப்பதை 1937-லேயே எம். தாமோதரனும் ஆர். ராமசாமியும் பிரித்தெடுத்துக் காட்டியிருந்தார்கள். அந்தப் பொருள் என்ன செய்யும் என்று உலகத்துக்குத் தெரிய அதன்பின் இருபது ஆண்டுகள் ஆயின.

இன்றும் லெவோடோபாவை மிஞ்சிய மாத்திரை இல்லை. நம் ஊரில் பலருக்கு அது ‘சிண்டோபா’ என்ற பெயரில் பழக்கம். ஆனால் சில ஆண்டுகள் போனதும் சிக்கல் தொடங்குகிறது. ஆறு மணி நேரம் தாங்கிய மாத்திரை நான்கு மணி நேரம் தாங்கும், பிறகு இரண்டரை. மருந்து வேலை செய்யும் நேரத்தை ‘ஆன்’ என்றும், அது இறங்கி உடல் கட்டையாகும் நேரத்தை ‘ஆஃப்’ என்றும் நோயாளிகளே சொல்லப் பழகிவிடுகிறார்கள். அளவைக் கூட்டினால் உடல் தானாக முறுக்கிக்கொண்டு நெளியும். தலையும் தோளும் ஓயாமல் ஆடும். ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டுமென்றால் முகூர்த்த நேரத்தை வைத்து மாத்திரை நேரத்தைக் கணக்குப் போட வேண்டிய வாழ்க்கை அது. குடும்பமே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

லெவோடோபாவுக்கு முன்பே அறுவை சிகிச்சை களத்தில் இருந்தது. 1947-ல் பிலடெல்பியாவில் எர்னஸ்ட் ஸ்பீகலும் ஹென்றி வைசிஸும், மண்டையில் ஒரு சட்டகத்தைப் பொருத்தி மூன்று அளவுகளைக் கொண்டு மூளையின் எந்தப் புள்ளிக்கும் ஊசியைக் கொண்டுபோகும் முறையை மனிதர்களில் செய்துகாட்டினார்கள். 1952-ல் நியூயார்க்கில் இர்விங் கூப்பர் ஒரு நோயாளியின் மூளையைத் திறந்து, இயக்க நரம்புப் பாதையை வெட்டத் தயாரானபோது ஒரு சிறு தமனி கிழிந்தது. அதைக் கட்டிவிட்டு, வெட்ட வந்ததை வெட்டாமலே அறுவையை நிறுத்திக்கொண்டார். மயக்கம் தெளிந்த நோயாளிக்கு நடுக்கமும் இல்லை, விறைப்பும் இல்லை, கை கால் பலமும் குறையவில்லை. இரத்தம் கிடைக்காமல் மூளையின் ஆழத்தில் ஏதோ ஒரு பகுதி இறந்திருந்தது; அந்த இறப்பே நோயாளிக்கு விடுதலையாகிவிட்டது. தடை ஆழத்தில்தான் இருக்கிறது என்பதற்கு அது வலுவான அடையாளம்.

அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேல், தலாமஸ் என்ற பகுதியில் ஒரு புள்ளியைச் சூட்டால் பொசுக்கும் அறுவை ஆயிரக்கணக்கானோருக்குச் செய்யப்பட்டது. நடுக்கம் நின்றது. ஒரு பக்கம் செய்துகொண்டவர்கள் மகிழ்ந்தார்கள். இரு பக்கமும் செய்துகொண்டவர்களில் பலருக்குப் பேச்சு குழறியது, விழுங்குவது கடினமானது. பொசுக்கிய இடத்தைத் திரும்பப் பெற முடியாது. லெவோடோபா வந்ததும் இந்த அறுவைகள் ஏறக்குறைய நின்றுபோயின. லெனின்கிராடில் நத்தாலியா பெக்தெரெவா 1960-களிலேயே மூளைக்குள் நீண்ட நாள் மின்முனைகளை வைத்துத் தூண்டிப் பார்த்தார். அவருடைய பணி மேற்கில் பெரிதாகக் கவனிக்கப்படவில்லை.

திருப்பம் பிரான்சின் கிரெநோபிள் நகரில் 1987-ல் வந்தது. அலிம் லூயி பெனாபித் மூளை அறுவை மருத்துவர், இயற்பியலிலும் முனைவர். தலாமஸைப் பொசுக்குவதற்கு முன், ஊசி சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்று உறுதிசெய்ய மெல்லிய மின்சாரம் செலுத்திப் பார்ப்பது எல்லா அறுவை மருத்துவர்களுக்கும் வழக்கம். தூண்டியதும் நோயாளியின் விரல் இழுத்தால் ஊசி இயக்கப் பாதைக்கு அருகில் இருக்கிறது, உள்ளங்கை மரத்துப்போனால் உணர்வுப் பாதைக்கு அருகில் இருக்கிறது என்று கண்டுகொள்வார்கள். வேலை முடிந்ததும் பொசுக்குவார்கள். பெனாபித் அந்தச் சோதனையில் அதிர்வெண்ணைப் படிப்படியாக மாற்றிப் பார்த்தார். குறைந்த அதிர்வெண்ணில் பலன் இல்லை. சில சமயம் நடுக்கம் கூடியது. நொடிக்கு 100 துடிப்பை நெருங்கியதும் கை அசையாமல் நின்றது. மின்சாரத்தை நிறுத்தினால் நடுக்கம் திரும்பியது. மறுபடி கொடுத்தால் மறுபடி நின்றது.

மற்றவர்களும் இதைப் பார்த்திருக்கக்கூடும். ஆனால் அவர்களுக்கு அது பொசுக்குவதற்கு முந்தைய சோதனை மட்டுமே. அந்தச் சோதனையே சிகிச்சையாக இருக்கட்டுமே, எதற்காகப் பொசுக்க வேண்டும் என்று கேட்டதில் பெனாபித்தின் பெருமை இருக்கிறது. மருத்துவ வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் கேள்விகளில் இது ஒன்று. ஒரு பக்கம் ஏற்கெனவே பொசுக்கப்பட்டு, மறு பக்கத்தைத் தொட அஞ்சிய நோயாளிகளுக்கு முதலில் இதைச் செய்தார். மின்முனையை உள்ளேயே விட்டு, இதயத்துக்கு வைக்கும் பேஸ்மேக்கர் போன்ற கருவியோடு இணைத்தார். பேச்சு குழறினால் மின்சாரத்தைக் குறைக்கலாம், வேண்டாமென்றால் நிறுத்தலாம். அவரும் நரம்பியல் மருத்துவர் பியர் போலாக்கும் 1991-ல் ‘லான்செட்’ இதழில் நீண்டகாலப் பலன்களை வெளியிட்டார்கள். ஆழ்மூளைத் தூண்டல், மருத்துவமனைகளில் ‘டிபிஎஸ்’ என்று எல்லோரும் சொல்லும் சிகிச்சை, இப்படித்தான் வேரூன்றியது.

தலாமஸில் தூண்டினால் நடுக்கம் போகும். விறைப்பும் மந்தமும் பெரிதாக மாறாது. பார்க்கின்சன் நோயாளியை முடக்குபவை பெரும்பாலும் அந்த இரண்டும்தான். அதற்கான இலக்கைக் காட்டிய கதை கலிபோர்னியாவில் தொடங்குகிறது. 1982-ல் சான் ஹோசே பகுதியில், சில இளைஞர்கள் கல்லாய்ச் சமைந்தவர்கள்போல மருத்துவமனைக்கு வந்தார்கள். பேச முடியவில்லை, நகர முடியவில்லை. கண்ணில் மட்டும் உயிர் இருந்தது. அவர்கள் ஹெராயின் போல ரகசியமாகத் தயாரித்து விற்கப்பட்ட போதைப்பொருளை ஊசியில் ஏற்றிக்கொண்டவர்கள். அதில் எம்பிடிபி என்ற நச்சு கலந்திருந்ததை வில்லியம் லாங்ஸ்டன் கண்டறிந்தார். நடுமூளையில் டோபமைன் சுரக்கும் கரிய திட்டை, அறுபது வயதில் மெல்ல மெல்ல வரும் அழிவுக்கு இணையாக, அந்த நச்சு சில நாட்களில் அழித்திருந்தது. லெவோடோபா கொடுத்ததும் அவர்கள் அசைந்தார்கள்.

அந்த இளைஞர்கள் மீண்டும் முழுதாக நலம் பெறவில்லை. அவர்களுடைய துயரம் ஆய்வுக்கூடங்களுக்கு அதுவரை இல்லாத ஒன்றைக் கொடுத்தது: எம்பிடிபி கொடுத்தால் குரங்குக்கும் பார்க்கின்சன் வரும். அந்தக் குரங்குகளின் மூளையில் ஒவ்வொரு பகுதியாக மின்னொலியைக் கேட்டபோது, சப்தலாமிக் கரு என்ற சிறு பகுதி அளவுக்கு மீறிக் கூச்சலிடுவது தெரிந்தது. ழூல் பெர்னார் லூயிஸ் 1865-ல் விவரித்த பகுதி அது. நீளம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான். 1990-ல் ஹகாய் பெர்க்மன், தாமஸ் விக்மன், மாலன் டிலாங் மூவரும் அந்தக் கருவை அழித்துப் பார்த்தார்கள். விறைத்துக் கிடந்த குரங்குகள் நகரத் தொடங்கின.

அதுவரை அந்தப் பகுதியைத் தொடவே அறுவை மருத்துவர்கள் அஞ்சினார்கள். பக்கவாதத்தில் அது சேதமானால் எதிர்ப்பக்கக் கையும் காலும் கட்டுப்பாடில்லாமல் வீசி எறியப்படும் என்பது பழைய மருத்துவப் பாடம். அழிக்காமல் தூண்டலாமே என்பதற்குக் கிரெநோபிளில் ஏற்கெனவே விடை இருந்தது. 1993-ல் பெனாபித் குழு ஒரு பார்க்கின்சன் நோயாளிக்கு அந்தக் கருவில் மின்முனை வைத்தது. நடுக்கம், விறைப்பு, மந்தம் மூன்றும் குறைந்தன. பெனாபித்தும் டிலாங்கும் 2014-ல் லாஸ்கர் விருதைப் பகிர்ந்துகொண்டார்கள். குரங்கின் நரம்பணுவைப் பல பத்தாண்டுகள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒருவரும், அறுவை அரங்கில் ஒரு நொடியில் கவனித்த ஒருவரும் ஒரே மேடையில் நின்றது பொருத்தம் என்றே நினைக்கிறேன்.

அறுவை நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். முந்தைய இரவோடு மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். நோயின் அறிகுறி முழுதாகத் தெரிந்தால்தான் பலனை அளக்க முடியும். தலையில் உலோகச் சட்டகம் பொருத்தி, எம்ஆர்ஐ, சிடி படங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்து இலக்கின் இடத்தைக் கணக்கிடுவார்கள். மரத்துப்போக ஊசி போட்டு மண்டையோட்டில் இரு பக்கமும் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய துளை. மூளைத்திசுவுக்கு வலி தெரியாது. அதனால் பல மையங்களில் நோயாளி விழித்திருக்கும்போதே வேலை நடக்கிறது. முடியைவிட மெல்லிய நுனிகொண்ட பதிவு ஊசி மில்லிமீட்டர் மில்லிமீட்டராக இறங்கும். நரம்பணுக்களின் மின்துடிப்பு ஒலிபெருக்கியில் படபடவெனக் கேட்கும். தலாமஸைக் கடக்கும்போது ஓர் ஒலி. பிறகு கொஞ்சம் அமைதி. சப்தலாமிக் கருவுக்குள் நுழைந்ததும் அடர்ந்த இரைச்சல். அனுபவமுள்ள மருத்துவர் காதாலேயே எல்லையைச் சொல்லிவிடுவார்.

பின்னர் 1.27 மில்லிமீட்டர் தடிமனுள்ள மின்முனையை இறக்குவார்கள். அதன் நுனியில் வழக்கமாக நான்கு தொடுபுள்ளிகள், ஒவ்வொன்றும் 1.5 மில்லிமீட்டர். மின்சாரம் கொடுத்தபடியே நோயாளியைச் சுருள் வரையச் சொல்வார்கள், விரலைத் தட்டச் சொல்வார்கள், பேசச் சொல்வார்கள். மின்னசோட்டா இசைக்குழுவின் வயலின் கலைஞர் ரோஜர் ஃபிரிஷுக்கு, பார்க்கின்சன் இல்லாமலே கை நடுங்கும் வேறொரு கோளாறு வந்தது. மற்றவர்களுக்கு அது பொருட்டே இல்லை. வில்லை நீளமாக இழுக்கும்போது மட்டும் அது வெளிப்பட்டது. மேயோ கிளினிக்கில் அறுவை மேசையிலேயே அவரை வயலின் வாசிக்கச் சொன்னார்கள். இழுக்கும் சுரத்தில் அதிர்வு போகும்வரை மின்முனையின் இடத்தைத் திருத்தினார்கள். நடுக்கத்தை அந்த வில்லே அளந்துகாட்டியது.

இறுதியில் காரை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில், மின்கலம் கொண்ட கருவியை வைத்து, கழுத்து வழியாகத் தோலுக்குள் கம்பியை ஓட்டி இணைப்பார்கள். சில வாரங்கள் கழித்து அளவு அமைக்கும் வேலை தொடங்கும். நொடிக்கு ஏறத்தாழ 130 துடிப்பு, ஒவ்வொரு துடிப்பும் 60 மைக்ரோநொடி, ஒன்று முதல் மூன்று வோல்ட் என்பது பலருக்குத் தொடக்க அமைப்பு. அங்கிருந்து ஒவ்வொருவருக்கும் தனியாகத் திருத்த வேண்டும். இதற்குப் பல மாதங்களும் பல சந்திப்புகளும் தேவைப்படும். அறுவையோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்து வீட்டுக்குப் போகிறவர்களே பின்னர் ஏமாற்றமடைகிறார்கள். மின்முனை எவ்வளவு சரியாக இருந்தாலும், பொறுமையாக உட்கார்ந்து அளவு திருத்தும் மருத்துவர் இல்லாவிட்டால் பலன் பாதிதான்.

இந்த 130 துடிப்பு உள்ளே என்ன செய்கிறது? தூண்டினால் கிடைக்கும் பலனும் பொசுக்கினால் கிடைக்கும் பலனும் ஒன்றுபோல இருந்ததால், உயர் அதிர்வெண் நரம்பணுக்களை ஊமையாக்குகிறது என்று முதலில் கருதினார்கள். பிறகு பதிவுகளை நுணுக்கமாகப் பார்த்தபோது, நரம்பணுவின் உடல் அடங்கினாலும் அதன் நீண்ட இழைகள் துடிப்போடு சேர்ந்து இயங்குவது தெரிந்தது. அப்படியானால் எதை அடக்குகிறோம்? லண்டனிலும் பின்னர் ஆக்ஸ்ஃபோர்டிலும் பீட்டர் பிரவுன் குழுவினர் செய்த ஆய்வுகள் ஒரு விடையைத் தருகின்றன. பார்க்கின்சன் நோயில் சப்தலாமிக் கருவின் நரம்பணுக்கள், நொடிக்கு 13 முதல் 30 வரையிலான பீட்டா தாளத்தில் ஒன்றோடொன்று அளவுக்கு மீறி ஒத்திசைகின்றன. சந்தையில் ஆயிரம் பேர் ஆயிரம் விதமாகப் பேசும்போதுதான் வியாபாரம் நடக்கும். அத்தனை பேரும் ஒரே கோஷத்தை ஓயாமல் எழுப்பினால் ஒரு கத்தரிக்காய்கூட விற்காது. பீட்டா தாளம் அந்தக் கோஷம். அதன் நடுவே ‘காலை எடுத்து வை’ என்ற செய்தி தொலைந்துபோகிறது. லெவோடோபா கொடுத்தாலும் பீட்டா தணிகிறது, மின்தூண்டல் கொடுத்தாலும் தணிகிறது. தணியும் அளவுக்கு விறைப்பும் மந்தமும் குறைகின்றன.

டிஸ்டோனியா என்ற முறுக்கு நோயில் கதை வேறாக நடக்கிறது. தசைகள் ஒன்றையொன்று எதிர்த்து இழுத்து, கழுத்தும் முதுகும் பாதமும் திருகிக்கொள்ளும் நோய் அது. மரபணுக் கோளாறால் குழந்தைகளுக்கும் வரும். பிரான்சின் மோன்பெலியே நகரில் ஃபிலிப் கூப் குழுவினர், குளோபஸ் பாலிடஸ் என்ற பகுதியின் உட்புறத்தில் இரு பக்கமும் மின்முனை வைத்த குழந்தைகளைப் பற்றி 2000-ல் எழுதினார்கள். படுக்கையில் கிடந்த பிள்ளைகள் நடந்தார்கள். ஆனால் நடுக்கம் நொடியில் நிற்பதைப் போல இங்கே நடப்பதில்லை. முறுக்கு அவிழ வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகின்றன. முறுக்குத் தாளத்துக்குப் பழகிப்போன மூளை, புதிய பழக்கத்தை மெல்லக் கற்கிறது என்றே இதை விளங்கிக்கொள்ள முடிகிறது. ‘கருவி வைத்து ஒரு வாரம் ஆச்சு, ஒண்ணும் தெரியலையே’ என்று கலங்கும் பெற்றோரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது மருத்துவரின் கடமை.

இத்தனை ஆழத்தில் ஓரிரு மில்லிமீட்டர் என்பது பெரிய தூரம். பாரிஸின் சல்பெத்ரியேர் மருத்துவமனையில் 65 வயதுப் பெண் ஒருவருக்கு மின்முனையின் ஒரு தொடுபுள்ளியில் மின்சாரம் கொடுத்தார்கள். அந்தப் புள்ளி சப்தலாமிக் கருவுக்குச் சற்றுக் கீழே இருந்தது. சில நொடிகளில் அவர் முகம் வாடியது, அழுதார், வாழவே பிடிக்கவில்லை என்ற நிலைக்குப் போனார். அவருக்கு முன்பு மனச்சோர்வு இருந்ததில்லை. மின்சாரத்தை நிறுத்திய ஒன்றரை நிமிடத்துக்குள் துயரம் நீங்கியது. வேறு புள்ளியில் தூண்டியபோது பார்க்கின்சன் அறிகுறிகள் குறைந்தன, அழுகை வரவில்லை. 1999-ல் வெளியான அந்தக் கட்டுரையைப் படிக்கும் எவருக்கும், துயரமும் அசைவும் மூளைக்குள் எவ்வளவு நெருங்கிய அண்டை வீட்டுக்காரர்கள் என்பது உறைக்கும்.

சூரிச் மருத்துவர்கள் 2019-ல் இன்னொன்றைச் சொன்னார்கள். தூண்டல் கருவி பொருத்தியபின் நடை, கை வேலை எல்லாம் தேறிய ஒன்பது பேருக்கு நீச்சல் மட்டும் மறந்துபோயிருந்தது. அவர்களில் போட்டிகளில் பதக்கம் வாங்கியவரும் உண்டு. ஒருவர் ஏரியில் குதித்து, உறவினர் காப்பாற்றியதால் பிழைத்தார். சிலர் கருவியை நிறுத்திப் பார்த்தபோது நீச்சல் உடனே திரும்பியது; ஆனாலும் மற்ற அசைவுகளுக்காக அவர்கள் மறுபடி கருவியை ஓடவிட்டார்கள். கிணற்றிலும் குளத்திலும் ஆற்றிலும் நீந்தப் பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு இந்த எச்சரிக்கையைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: கருவி வைத்தபின் தனியாகத் தண்ணீரில் இறங்கக் கூடாது. இன்னொன்றும் உண்டு. மூட்டுவலிக்கு இயன்முறை மையங்களில் கொடுக்கும் டயதெர்மி என்ற வெப்ப சிகிச்சை இவர்களுக்குக் கூடவே கூடாது. அதன் ஆற்றல் கம்பி வழியே மின்முனைக்கு ஏறி மூளையைச் சுட்டுவிடும்.

அறுவையின்போது மூளையில் இரத்தக்கசிவு ஏற்படும் ஆபத்து நூறில் ஓரிருவருக்கு உண்டு; கருவி இருக்கும் இடத்தில் கிருமித்தொற்றும் வரலாம். பேச்சு மெலிவது, எடை கூடுவது, திடீர் முடிவுகள் எடுக்கும் அவசரக் குணம் வருவது ஆகியவை சிலருக்கு நேர்கின்றன. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் 156 பேரைக் கொண்டு நடந்து 2006-ல் வெளியான ஆய்வில், கருவி பொருத்தியவர்களின் வாழ்க்கைத் தரம் ஆறு மாதத்தில் ஏறத்தாழ கால் பங்கு உயர்ந்தது. மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கு மாற்றமில்லை. அதே ஆய்வில் ஒருவர் மூளை இரத்தக்கசிவால் இறந்தார். இரண்டையும் சேர்த்தே குடும்பத்தினர் கேட்க வேண்டும்.

இந்தச் சிகிச்சை நோயை நிறுத்துவதில்லை. டோபமைன் நரம்பணுக்கள் உள்ளே தொடர்ந்து மடிந்துகொண்டே இருக்கின்றன. மாத்திரை எதைச் சரிசெய்கிறதோ, பெரும்பாலும் அதையே தூண்டலும் சரிசெய்யும். மாத்திரையை மீறிய நடுக்கம் மட்டும் விதிவிலக்கு. நல்ல ‘ஆன்’ நேரத்திலும் தடுமாறி விழுகிறவர், மறதி மிகுந்தவர், பார்க்கின்சனைப் போலத் தோன்றும் வேறு நோய் உடையவர் ஆகியோருக்கு இதனால் பலன் இல்லை, கெடுதலும் நேரலாம். அதனால்தான் அறுவைக்கு முன் மாத்திரை இல்லாமலும் மாத்திரையோடும் உடலை அளந்து ஒப்பிடுகிறார்கள். நினைவாற்றலையும் மனநிலையையும் சோதிக்கிறார்கள்.

நேரமும் பெரிய விஷயம். முன்பெல்லாம் எல்லா மருந்தும் தோற்றபின், பதினைந்து ஆண்டு நோயோடு வருபவருக்கே கருவி வைத்தார்கள். ஜெர்மனி, பிரான்ஸ் நாடுகளில் 251 பேரைக் கொண்டு நடந்த ‘எர்லிஸ்டிம்’ ஆய்வு 2013-ல் வெளியானது. அதில் பங்கெடுத்தவர்களின் சராசரி வயது 52, நோய் வந்து ஏழரை ஆண்டு. மருந்தின் ஏற்ற இறக்கம் அவர்களுக்குத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. இரண்டு ஆண்டு முடிவில் கருவி வைத்தவர்களின் வாழ்க்கைத் தரம் 26 சதவீதம் உயர்ந்திருந்தது. மருந்தோடு மட்டும் இருந்தவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். வேலையும் குடும்பப் பொறுப்பும் கையில் இருக்கும் வயதில் கிடைக்கும் அந்த ஆண்டுகளின் மதிப்பை எந்த அட்டவணையும் முழுதாகக் காட்டாது.

கருவிகளும் மாறிவருகின்றன. இரவும் பகலும் ஒரே அளவில் துடிக்கும் கருவிக்குப் பதிலாக, பீட்டா தாளத்தை உள்ளிருந்தே கேட்டு, அது கூடும்போது மின்சாரத்தைக் கூட்டி, அடங்கும்போது குறைக்கும் தகவமைவுத் தூண்டலுக்கு 2025-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தந்தது. மண்டையைத் துளைக்காமல் குவித்த மீயொலியால் தலாமஸைப் பொசுக்கும் முறையும் 2016-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. அது பொசுக்குவதுதான், திருப்பி எடுக்க முடியாது என்ற பழைய குறை அதற்கும் உண்டு.

1990-களின் இறுதியிலேயே இந்தச் சிகிச்சை இந்தியாவுக்கு வந்துவிட்டது. திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனமும் பெங்களூரின் நிம்ஹான்ஸும் சென்னையின் பல மருத்துவமனைகளும் இதைச் செய்கின்றன. கருவியின் விலை மட்டுமே பல லட்சம் ரூபாய். மின்னேற்றம் செய்ய முடியாத மின்கலத்தைச் சில ஆண்டுகளுக்கொருமுறை மாற்றும் செலவு தனி. நடுத்தரக் குடும்பங்கள் வீட்டை அடமானம் வைத்து இதைச் செய்யும் நிலை மாற வேண்டும். கருவிகளை இங்கேயே குறைந்த விலையில் செய்வதும், அரசுக் காப்பீட்டின் கீழ் முழுச் செலவையும் கொண்டுவருவதும் மூளை ஆய்வுக்கு இணையான அவசர வேலைகள்.

உங்கள் வீட்டில் பார்க்கின்சன் நோயாளி இருந்து, மாத்திரை போட்டால் நன்றாக இருக்கிறார், ஆனால் அடுத்த வேளை வருவதற்குள் கட்டையாகிவிடுகிறார் என்ற நிலை தொடங்கியிருந்தால், அசைவுக் கோளாறுகளில் பயிற்சி பெற்ற நரம்பியல் மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். எந்த மணிக்கு மாத்திரை, எந்த மணிக்கு ‘ஆன்’, எந்த மணிக்கு ‘ஆஃப்’ என்று ஒரு வாரத்துக்கு எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். அவர் கருவி வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேளுங்கள். வேண்டும் என்று சொன்னாலும் ஏன் என்று கேளுங்கள்.